கழற்றிவைத்த கம்பி

9-11-1983, புதன்

இன்றும் வண்டி கிளம்பவில்லை. மூன்றாம் நாள்.

வாங்கி நாற்பது நாள்தான் ஆகிறது. கடலூரில் யாரோ ஓட்டிச் சலித்த டீசல் கார். வில்லியனூர் மார்க்கெட் தெருவில் விதைக்கடை வைத்திருக்கும் தெய்வநாயகம், அதாவது என் வீட்டுக்காரர், அதற்கு மாலை போட்டு அழைத்துவந்தார். எங்கள் கல்யாணத்தில்கூட அவ்வளவு பெரிய மாலை இல்லை.

டீசல் வண்டியை எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்யக் கூடாதாம். சாவியைப் பாதி திருப்பி, முப்பது எண்ண வேண்டும். இன்ஜினில் ஹீட்டர் பிளக் என்று நான்கு இருக்கின்றன. அவை நன்றாகச் சூடானால்தான் டீசல் பற்றும். அவர் எண்ணுவது அடுப்படி வரை கேட்கிறது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அப்புறம் சாவியை முழுதும் திருப்புகிறார். கொர்ர் கொர்ர் என்று இழுக்கிறது. பின்னால் வெள்ளைப் புகை வருகிறது. வண்டிக்கு உயிர் வரவில்லை.

எதிர்வீட்டுக் குடைக்கடை நிஜாமுதீன் பாயும், பக்கத்துச் சைக்கிள் கடை பக்கிரியும் வந்து தள்ளினார்கள். இவர் ஸ்டியரிங்கில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். தேரடி போய்த்தான் இன்ஜின் இருமியது.

அதற்குப் பிறகு பகல் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. தொட்டால் கிளம்புகிறது. காலையில் மட்டும் இந்தப் பிடிவாதம். ஏன்?

10-11-83

இன்றும் தேரடி வரை.

12-11-83, சனி

தேரடி தாண்டியும் கிளம்பவில்லை. பாய்க்கு மூச்சு இரைத்தது. பக்கிரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

"மொதலாளி, கோச்சுக்காதீங்க. வண்டிய தள்ளிடலாம். உள்ள இருக்கற உங்களையும் சேத்துத் தள்றதுதான் முடியல."

என் வீட்டுக்காரர் எடை தொண்ணூற்று நான்கு கிலோ. விதைமூட்டை நிறுக்கிற தராசில் நானே பார்த்திருக்கிறேன்.

"அப்ப யார்ரா ஒக்கார்றது?"

பக்கிரி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "டீச்சர் ஒக்காரட்டும். அவங்க இன்னா, அரை மூட்ட."

பள்ளிக்குக் கிளம்பிய பருத்திப் புடவையோடு ஏறி உட்கார்ந்தேன். இடது காலால் கிளட்சை அமுக்கிக்கொள்ள வேண்டும், அவர் 'வுடு' என்றால் விட வேண்டும், வேறு எதையும் தொடக் கூடாது. அவ்வளவுதான் பாடம். தள்ளினார்கள். 'வுடு!' என்றார். விட்டேன்.

எழுதத் தெரியவில்லை. இருக்கை குலுங்கியது, ஸ்டியரிங் கைக்குள் துடித்தது, ஏதோ ஒன்று எனக்கு முன்னால் விழித்துக்கொண்டு 'எங்கே போகலாம்?' என்று கேட்டது மாதிரி இருந்தது. முப்பத்தாறு வயதில் இப்படி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

"பிரேக்கு! பிரேக்கு போடு மே!" என்று அவர் பின்னாலேயே ஓடிவந்தார். பிரேக்கை அமுக்கினேன். வண்டி நின்றது, இன்ஜினும் நின்றது. மறுபடி தள்ளினார்கள்.

16-11-83, புதன்

மாற்றல் வந்துவிட்டது. ஜனவரி இரண்டாம் தேதி முதல் காட்டேரிக்குப்பம் நடுநிலைப்பள்ளி. அறிவியல் ஆசிரியை தி. கோகிலாம்பாள் என்று என் பெயரை மட்டும் பிழையில்லாமல் அடித்திருக்கிறார்கள்.

இங்கிருந்து பத்துக்கண்ணில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பஸ் வந்தால் வரும். அவரிடம் சொன்னேன். சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"வுட்டுடு."

"எத?"

"வேலையத்தான். கட இருக்குது. ஒக்காந்து கணக்கு எழுது."

கோபத்தோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மோர் கேட்கிற மாதிரி சொன்னார். பன்னிரண்டு வருஷ வேலை, மோர் மாதிரி!

வண்டி இருக்கிறதே, நான் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டுமா என்றேன். சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே.

19-11-83, சனி

மெக்கானிக் ஆரோக்கியம் வந்தார். பம்புசெட் டீசல் இன்ஜின்களில் கை தேர்ந்தவர். வெள்ளைப் புகையைப் பார்த்தார், முகர்ந்தார், மூஞ்சியைச் சுருக்கினார்.

"பிஸ்டன் ரிங்கு பூடுச்சு. இன்ஜின எறக்கணும். ஆனா இப்ப நடவு நேரம், பம்புசெட்டு வேலையே தலைக்கு மேல இருக்குது. பொங்கல் கழிச்சு எறக்கலாம். ரெண்டு மாசம் ஆவும்."

எனக்குள் ஒரு கேள்வி. ரிங் தேய்ந்தால் பகலிலும்தானே புகைய வேண்டும்? பகலில் ஒழுங்காக ஓடுகிற இன்ஜின் காலையில் மட்டும் ஏன் செத்துப்போகிறது? வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியாமல் வெளியே வருகிறது. எரிபொருள் இருக்கிறது, காற்று இருக்கிறது. மிச்சம் என்ன? ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். சூடு.

வண்டியோடு வந்த ஆங்கிலக் கைப்புத்தகம் டேஷ்போர்டு அறையில் அழுக்குத்துணிக்கு அடியில் கிடந்தது. எடுத்து என் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

20-11-83, ஞாயிறு

இதை எழுதும்போது கை இன்னும் கரியாக இருக்கிறது. சோப்பு போட்டும் போகவில்லை.

மதியம் அவர் கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கினார். இரண்டு மணி நேரம் இடி விழுந்தாலும் எழ மாட்டார். பள்ளி அறிவியல் பெட்டியிலிருந்து கொண்டுவந்த பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்று, அதில் நீளமாக இரண்டு கம்பி. இதுதான் என் ஆயுதம்.

முதலில் ஒரு கம்பியை வண்டி உடம்பிலும் மற்றதைப் பேட்டரியிலும் தொட்டேன். எரிந்தது. பல்பு நல்லது.

சாவியைப் பாதி திருப்பி வைத்துவிட்டு வந்து, நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் இணைக்கிற தகட்டில் தொட்டேன். எரியவில்லை. அப்படியானால் பிளக்குக்கு மின்சாரமே வரவில்லை! இவர் பாவம், இத்தனை நாள் முப்பது முப்பதாக எண்ணியது யாருக்காக?

தகட்டுக்கு வரும் கம்பியைப் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனேன். வழியில் ஒரு கறுப்பு ரப்பர் உறை. அதற்குள் இரண்டு கம்பி முனைகள் எதிரெதிராகச் செருகி நிற்கின்றன. உறைக்கு முன்னால் தொட்டால் பல்பு எரிகிறது, பின்னால் தொட்டால் எரியவில்லை. திருடன் உறைக்குள்! இழுத்துப் பார்த்தேன். ஒரு முனை பச்சையாகக் களிம்பு பூத்து, நழுவிப்போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், அழுத்திச் செருகினேன். தகட்டில் தொட்டேன்.

எரிந்தது. மதிய வெயிலில், அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சம். கத்த வேண்டும்போல் இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

விடவில்லை. தகட்டைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாகச் சோதித்தேன். பேட்டரியிலிருந்து பல்பு வழியாகப் பிளக்கின் தலைக்கு. முதல் மூன்றும் எரிந்தன. நாலாவது இருட்டு. அதன் உள்கம்பி அறுந்திருக்கிறது. ஆனாலும் மூன்று போதும், வண்டி கிளம்பிவிடும்.

அவர் எழுந்து காபி கேட்டார். சொல்லத்தான் போனேன், சத்தியமாக. அதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"வண்டி சரியாயிட்டா ஒனக்கு இந்தத் தொல்ல இல்ல. காலங்காத்தால பொம்பளய ஸ்டியரிங்குல ஒக்கார வச்சு, தெருவே பாக்குது."

காபியை ஆற்றிக் கொடுத்தேன். பிறகு வாசலுக்குப் போய், பானெட்டைத் தூக்கி, அந்த முனையை உறைக்குள்ளேயே அரை விரற்கடை இழுத்துவிட்டேன். வெளியே பார்த்தால் செருகியபடியேதான் தெரியும்.

பொய் சொன்னேனா? இல்லை. யாரும் கேட்கவில்லை.

21-11-83

தேரடி வரை நான் ஓட்டினேன். அவர் தள்ளினார்.

25-11-83, வெள்ளி

தேரடியில் நிறுத்தவில்லை. "நிறுத்தினா ஆஃப் ஆயிடுமோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லி, கோயிலின் நான்கு வீதியையும் சுற்றிக்கொண்டு வந்தேன். மூன்று பேரும் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"நல்லா சூடாயிருக்குது இப்ப" என்று இறங்கினேன்.

28-11-83, திங்கள்

விடிய விடிய மழை. தெரு முழுக்கச் சேறு. பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது, வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? ஐந்து மணிக்கே போய்க் கம்பியைச் செருகிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

அவர் முப்பது எண்ணினார். திருப்பினார். ஒரே உறுமல்! அவர் கத்திய கத்தலில் பக்கிரி ஓடிவந்தார். நான் போர்வைக்குள் சிரித்தேன்.

சாயங்காலம் மழை விட்டது. செவ்வாய்க்கிழமைக்கு மறுபடி கழற்றிவைத்தேன்.

3-12-83, சனி

இந்த வாரம் மழை மூன்று நாள், வெயில் மூன்று நாள். மழை நாளில் வண்டி கிளம்புகிறது, காய்ந்த நாளில் கிளம்புவதில்லை. இதை அவர் கவனித்துவிட்டார். கவனிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆரோக்கியத்தைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆரோக்கியம் தாடையைச் சொறிந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தாராம்.

"ஈரக்காத்து கேக்குது இன்ஜின். பழைய இன்ஜினு, ஒடம்பு காஞ்சி போச்சு. ராத்திரி ஈரச்சாக்கு போட்டு வைங்க."

கடவுளே.

4-12-83, ஞாயிறு

பானெட்டின் மேல் ஈரச்சாக்கு. அவரே விதைமூட்டைச் சாக்கு ஒன்றைத் தொட்டியில் முக்கி, பிழிந்து, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்தினார். நாளைக்கு ஏழாம் வகுப்புக்கு 'எரிதல்' பாடம் நடத்த வேண்டும். எந்த முகத்தோடு நடத்துவேன்?

இப்போது என் சங்கடம் இது: நாளைக்கு வண்டி கிளம்ப வேண்டுமா, வேண்டாமா? கிளம்பினால் ஈரச்சாக்கு நிலைத்துவிடும், நான் இறங்கிவிட வேண்டியதுதான். கிளம்பாவிட்டால் ஆரோக்கியம் அடுத்து என்ன சொல்வாரோ!

5-12-83

கிளம்பவில்லை. சாக்கில் ஈரம் போதவில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

9-12-83, வெள்ளி

அகப்பட்டுக்கொண்டேன்.

விடியற்காலை பானெட்டை மூடிவிட்டு நிமிர்ந்தால், எதிர்வீட்டு மாடியில் தாஜ் நிஷா அக்கா. நிஜாமுதீன் பாயின் மனைவி. கையில் துவைத்த லுங்கி. எவ்வளவு நேரமாக நின்றார்களோ. விரலை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டார்கள்.

போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பி, பல்பு, காட்டேரிக்குப்பம், மோர் மாதிரி 'வுட்டுடு'. கேட்டுக்கொண்டே லுங்கியை உதறிக் காயப்போட்டார்கள்.

"அக்கா, பாய் தெனமும் வந்து தள்றாரு. மனசு உறுத்துது. இன்னைக்கே செருகிடறேன்."

"ஏய், சும்மா இருடி. அவருக்குச் சக்கர. டாக்டர் தெனம் நடக்கச் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. வாசப்படி தாண்ட மாட்டாரு. இப்ப ஒரு மாசமா வண்டி தள்றாரு, போன வாரம் டெஸ்டுல சக்கர கொறஞ்சிருக்குது." லுங்கிக்குக் கிளிப் போட்டார்கள். "நீ பாட்டுக்குக் கழட்டு. நல்லா கழட்டு."

17-12-83, சனி

இன்று உறுவையாறு வரை போனேன்! வண்டி சூடாகட்டும் என்று சொல்லிவிட்டு, கூடத் துணைக்குத் தாஜ் நிஷா அக்கா. இருபுறமும் பச்சை. எதிரில் ஒரு மாட்டுவண்டி வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஓதினார்கள். நான் ஓரம் கட்டி நின்றேன். வண்டிக்காரர் கடந்துபோகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்து, மாட்டை வாய்க்கால் பக்கம் விட்டுவிட்டார்.

வீட்டில் அவரிடம், தேரடியில் ஆஃப் ஆகிவிட்டது, அதனால்தான் தாமதம் என்று சொன்னேன். இது பொய். இதை மட்டும் பொய் என்று எழுதி வைக்கிறேன்.

23-12-83, வெள்ளி

புதுச்சேரிக்குப் போய்ப் பழகுநர் உரிமம் வாங்கிவிட்டேன். போட்டோவில் திருடியைப் போல இருக்கிறேன். பொருத்தம்தான்.

2-1-1984, திங்கள்

காட்டேரிக்குப்பத்தில் சேர்ந்தேன். அவர் தடுக்கவில்லை. "பத்து நாள்ல நீயே வந்துடுவ" என்றார்.

போக இரண்டே கால் மணி நேரம். பத்துக்கண்ணில் ஒரு மணி நேரம் நின்றேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். பெரும்பாலும் கூலிவேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் பல்பே இல்லாத பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம். என் பல்பையும் கம்பியையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. அவரிடம் காட்டவில்லை.

10-1-84, செவ்வாய்

ஏழு நாளில் நான்கு நாள் தாமதம். தலைமையாசிரியர் தன்மையானவர். கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

இன்ஜின் இறக்க இருபத்து மூன்றாம் தேதி குறித்தாயிற்று. அதற்குள் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது? இரண்டு மாதமாக உங்களைத் தள்ளவிட்டேன் என்றா? அவருடைய கால்சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டிருக்கிறார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

பொங்கலுக்கு அப்புறம் சொல்கிறேன்.

16-1-84

மாட்டுப் பொங்கலுக்கு வண்டிக்கும் பொட்டு வைத்தார். இன்று சொல்லவில்லை.

18-1-84, புதன்

இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் பனி. வழக்கம்போல் நான் உள்ளே, அவர்கள் மூன்று பேரும் பின்னால். பத்தடி போயிருக்கும். வண்டி திடீரென்று கனத்தது. பக்கிரி "பாய்! பாய்!" என்று அலறினார். கண்ணாடியில் பார்த்தேன். பாய் தரையில் கிடந்தார். பம்பர் பட்டு நெற்றி பிளந்து ரத்தம். உடம்பெல்லாம் வேர்வை, அந்தப் பனியில். கூப்பிட்டால் பதில் இல்லை.

தாஜ் நிஷா அக்கா சர்க்கரை டப்பாவோடு ஓடிவந்தார்கள். சாப்பிடாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். சர்க்கரையை வாயில் தேய்த்தார்கள். பாதி வெளியே வழிந்தது.

"ஆஸ்பத்திரி போவணும்! தள்ளுடா பக்கிரி!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். பாயைப் பிடிப்பதா, வண்டியைத் தள்ளுவதா? பக்கிரி அழுதார்.

நான் இறங்கினேன். பானெட்டைத் தூக்கினேன். எல்லோரும் பார்க்க, அந்தக் கறுப்பு உறைக்குள் கம்பியை அழுத்திச் செருகினேன். வந்து உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினேன். எண்ணினேன். முப்பது இவ்வளவு பெரிய எண் என்று எனக்கு அதுவரை தெரியாது. திருப்பினேன். ஒரே இழுப்பில் கிளம்பியது.

அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"பின்னாடி ஏறுங்க" என்றேன். பதினாலு வருஷத்தில் அவரிடம் இந்தக் குரலில் நான் பேசியதில்லை. ஏறினார். பாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அரும்பார்த்தபுரம் கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை இன்ஜினை நிறுத்தவில்லை. கேட் திறந்ததும் பின்னாலிருந்து அவர் குரல்: "ரெண்டாவது கியர் போடு." "போட்டாச்சு" என்றேன். அதுதான் பேச்சு.

சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டதாம். குளுக்கோஸ் ஏற்றினார்கள், நெற்றியில் நான்கு தையல். ஒன்பது மணிக்குப் பாய் கண் விழித்து, "கடைய தொறந்தாச்சா?" என்று கேட்டார். தாழ்வாரத்தில் தாஜ் நிஷா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ரொம்ப நேரம் விடவில்லை.

"நாம ரெண்டு பேருந்தாண்டி அவர தள்ள வச்சோம்."

ஆமாம்.

19-1-84

அவர் பேசவில்லை. வண்டியைத் தானே ஸ்டார்ட் செய்து எடுத்துக்கொண்டு போனார்.

20-1-84

பேசவில்லை. ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். அதற்கும் பேசவில்லை.

21-1-84, சனி

பாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். போய், காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். தலைக்கட்டோடு சாய்ந்துகொண்டு கேட்டார். வயிறு குலுங்கியது. முதலில் வலிக்கிறதோ என்று பயந்துபோனேன். சிரிக்கிறார்!

"ஈரச்சாக்கு..." என்றார். மேலே பேச முடியவில்லை. "அந்த ஈரச்சாக்கு..."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, சக்கர கொறைஞ்சது நல்லதுதான். இவ்ளோ கொறைஞ்சிருக்க வேணாம்" என்றார். அக்கா அவர் தோளில் ஒரு அடி வைத்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

22-1-84, ஞாயிறு

மதியம் அவர் தூங்கவில்லை. பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், வந்து நின்றார்.

"பாய் செத்துருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன்.

"ரெண்டு மாசம். நாய் மாதிரி தள்ளுனேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேங்க. ஓட்டக் கத்துக்கறேன்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். புரை ஏறியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொடியில் தொங்கிய துண்டை இழுத்துச் சரிசெய்தார்.

"வேலைய வுட்டுடுன்னு சொன்னது... அது அவ்ளோ பெரிசா?"

"பெரிசுதாங்க."

அவர் பாதிக் கோபமாக: "எங்க, காமி. எந்தக் கம்பி?"

காட்டினேன். உறையை, களிம்பை, பல்பை. கைப்புத்தகத்தின் படத்தையும். பல்பைப் பிடுங்கிக்கொண்டார். தகட்டைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு பிளக்காகத் தானே தொட்டார்.

"எரியுது... எரியுது... எரியுது... ஏய், இது எரியல! கோகிலா, இது எரியல!"

"அது செத்துப்போச்சுங்க. நவம்பர்லயே."

"பக்கிரி! டேய் பக்கிரி, இங்க வாடா! கெட்ட பிளக்க கண்டுபுடிச்சிட்டேன்!"

கண்டுபிடிக்கட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் கண்டுபிடிக்கட்டும்.

23-1-84, திங்கள்

ஆரோக்கியம் சங்கிலிக் கப்பியோடு இன்ஜின் இறக்க வந்தார். என் வீட்டுக்காரர் என் பல்பை எடுத்து நாலாவது பிளக்கைச் சோதித்துக் காட்டினார். ஆரோக்கியம் கப்பியைக் கீழே வைத்தார்.

"நானும் அதத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார். புதுப் பிளக்கை அவரே வாங்கிவந்து போட்டார். கூலி வேண்டாம் என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, மெதுவாக, "டீச்சர், அந்தச் சாக்கு விஷயம் வெளிய போவ வேணாம்" என்றார்.

போகாது. இந்த நோட்டின் அட்டையில் 'பாடக்குறிப்பு' என்றுதானே எழுதியிருக்கிறேன்.

29-1-84, ஞாயிறு

எனக்குப் பின்னால் ஓட்டத் தெரியாது! தள்ளித் தள்ளிக் கற்ற வண்டியில் ரிவர்ஸ் எங்கே வரும்? கடைக் கொல்லையில் இரண்டு வரிசை மூட்டைக்கு நடுவே அவர் கற்றுக்கொடுத்தார். "ஒடி, ஒடி, ஒடி... நிறுத்து!" ஒரு மூட்டை நெல் சிந்தியது. திட்டுவார் என்று பார்த்தேன். குனிந்து அள்ளிக்கொண்டே, "நாளைக்கு இன்னொரு வாட்டி" என்றார்.

8-2-84, புதன்

டெஸ்ட். இன்ஸ்பெக்டர் என் பெயரை இரண்டு தடவை வாசித்தார். "டீசலா? லேடியா?" என்றார். இரண்டுக்கும் தலையாட்டினேன். பின்னால் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். என் வீட்டுக்காரர் வேலி ஓரம் நின்று, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

பாஸ்.

13-2-84, திங்கள்

அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்: காட்டேரிக்குப்பத்துப் பக்கம் விதை வாங்குகிறவர்கள் பதினெட்டுப் பேர். மூட்டையை டிக்கியில் போட்டுக்கொண்டு போனால் வண்டிக்கூலி மிச்சம். அதனால்தான் வண்டியை என்னிடம் கொடுக்கிறாராம். வேறு காரணம் ஒன்றும் இல்லையாம்.

சரி.

5-3-84, திங்கள்

முக்கால் மணி நேரத்தில் பள்ளிக்கு வந்துவிட்டேன். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, மூட்டை இரண்டை இறக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் ஒரு மாத மருத்துவ விடுப்பு முடிந்து இன்றுதான் வந்திருக்கிறார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், கார்லயே வந்துட்டீங்க! டீ சொல்லியிருக்கேன். டிரைவருக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க சார்."

இரண்டு டம்ளர் வந்தது. ஒன்றைக் குடித்தேன். அவர் டிரைவரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் குடித்தேன். பிறகு சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனேன்.